காய்க்காத அவரை

என் கணவருக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் நைட் ஷிப்ட். பிரஸ் மெஷினில் தகடு வெட்டுகிற வேலை. பகலில் தூங்கினால்தான் இரவில் விரல் பத்திரம். நாங்கள் குடியிருப்பதோ மொட்டைமாடியில் ஒற்றை அறை. மத்தியானத்துக்கு மேல் அதன் மேற்குச் சுவர் தோசைக்கல்லாகக் காயும். போன கோடையில் அரைத் தூக்கத்தோடு வேலைக்குப் போனவர், கட்டை விரலில் கட்டோடு திரும்பினார். நல்லவேளை, நகம் மட்டும்தான் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இந்த மாசியில் சுவர் ஓரமாகச் சாக்குகளில் மண் நிரப்பி, குழம்புக்கு உரித்ததில் மிஞ்சிய அவரை விதையைப் போட்டேன். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா, காயில் பாதி தனக்கு என்று பேசித்தான் சம்மதித்தார். மாதா கோயில் பூசைக்குத் தவறாத மனுஷி. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். ஆடியில் போட வேண்டிய அவரையை இப்போது போட்டால் வெறும் இலைதான் வரும் என்றும் சொன்னார். யாராவது ஆகாது என்றால் போதும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். காய்க்கிறதா இல்லையா பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கொடி ஏறப் பந்தல் வேண்டுமே! பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒரு கிழிந்த வலையைக் கொடுத்தார். அதைக் கட்டிய அன்று தெருப் பூனைகள் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டன.

எனக்கு அப்புறம் வேலையே அந்தக் கொடியைப் பார்ப்பதுதான். நான் ஒரு பக்கமாகச் சுற்றிவிட்டால், மறுநாள் காலை அது தானாக அவிழ்ந்து எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். திரும்ப மாற்றிவிட்டாலும் அதே கதை. அதன் பிடிவாதத்தைப் பார்த்து, உன் கூடப் பிறந்ததுதான் என்று என்னைக் கேலி செய்தார் கணவர். வலை சுவரில் ஒட்டிக் கிடந்தவரை சூடு குறையவே இல்லை. ஏன் என்று யோசித்து, மூங்கில் கொடுத்து ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். இடையில் காற்று புகுந்தது. தினமும் மத்தியானம் உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். வைகாசியில் ஒரு நாள் கையை எடுக்கவே மனம் வரவில்லை. அன்று அவர் அசையாமல் தூங்குவதைப் பார்த்துப் பயந்து, மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். குறட்டை வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஒரு பூகூட இல்லை. மாதாவிடம் காய்க்கச் சொல்லி வேண்டியிருப்பதாக வீட்டுக்கார அம்மா நாளுக்கு நாலு தரம் சொன்னார். ஆனி பிறந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஊற்றுகிற தண்ணீரில் தளம் ஊறுகிறது, காயும் இல்லை, பிடுங்கிப் போடு என்று கத்திக்கொண்டே, கையில் அரிவாளோடு படியேறி வந்தார். நான் வாசலில் நின்று, சத்தம் வேண்டாம் என்று வாயில் விரல் வைத்தேன். எதிர்த்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். என்னால் அன்று சண்டை போட முடியவில்லை. இந்தக் கொடி போனால் என் கணவரின் தூக்கம் போய்விடும் என்று நினைத்தபோதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். குறட்டையைக் கேட்டார். சந்தேகத்தோடு சுவரில் கை வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார்.

“எப்பதாம்மா காய்க்கும்?” அந்தக் குரல் இவ்வளவு தணியும் என்று எனக்குத் தெரியாது.

“நீங்க சொன்னதுதாம்மா சரி. பனி உழுந்தாதான் பூ வைக்கும்போல.”

“காய்ச்சி முடிச்சா?”

“எலயெல்லாம் கொட்டிடும்.”

அரிவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு, சத்தம் வராமல் இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

“சாயங்காலம் கோயிலுக்குப் போவேன். ஒண்ணும் அவசரமில்லன்னு மாதாகிட்ட சொல்லிட்டு வரேன்.”