மைக் கூட்டிவந்த கலியாணச் சனம்

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். என் குரல் நல்ல குரல். வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

1. முதல் தடவை

புயல் வருகிறது என்று விதானையார் ஓடிவந்தபோது நான் பக்கத்துத் தீவொன்றின் கோயிலில் ஸ்பீக்கர் கழற்றிக்கொண்டு நின்றேன். கிராம அலுவலரை அங்கே இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். ஆட்டோவின் மேல் ஹோர்ன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். "அன்பான ஊர் மக்களே, உடனே பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். சனம் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது. வீடுகள் போயின, படகுகள் போயின. ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள்.

2. கலியாணம்

சில மாதம் கழித்து அதே தீவிலிருந்து பரமேஸ்வரி என்பவர் மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை, அதனால் பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். இறங்குதுறையில் கால் வைத்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். புதுத் தகரங்கள் மினுங்கின, புதுப் படகொன்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்தில் ஊருக்கே போதுமான அளவுக்குச் சமையல் நடந்தது. பரமேஸ்வரியின் முகம்தான் சரியில்லை. முழு ஊருக்கும் சொல்லியிருந்தார், ஒருவரையும் காணவில்லை.

"உடுப்பெல்லாம் வெள்ளத்தோடை போட்டுது, என்னத்தை உடுத்துக்கொண்டு வாறதெண்டு சனம் வெக்கப்படுது அண்ணை. மாப்பிள்ளை ஆக்கள் வரேக்கை எங்கடை பக்கம் நான் தனிய நிக்கப்போறன்" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஆறுதல் சொல்லத் தெரியாததால் வேலையைப் பார்த்தேன். எங்கள் வழக்கம், முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகுதான் பேச்சு. அன்று பாட்டிருந்த பென் டிரைவ் படகில் நனைந்து பழுதாகிவிட்டது. போனில் எடுக்கலாமென்றால் தீவில் சிக்னல் இன்னும் ஒழுங்காக வரவில்லை. சரி, மைக்கையாவது சோதித்துப் பார்ப்போம் என்று, "அன்பான ஊர் மக்களே, ஹலோ, ஹலோ" என்றேன்.

வானமும் அன்று இருண்டுதான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைகளிலிருந்து சனம் கிளம்பி வந்தது. தலையில் மூட்டை, கையில் பிள்ளை, ஒருவரிடம் ஆடு. எல்லோரும் வீட்டு உடுப்போடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். பின்னால் விதானையார் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்.

"அண்ணை, எனக்கு ஒரு புயல் அறிவித்தலும் வரேல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் மைக் பாக்கிறன்."

சனம் என்னை முறைத்தது. பிறகு வாழைமரத்தையும் மணவறையையும் பார்த்தது. ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்க, மண்டபமே சிரித்தது. நைசாக வெளியே போகப் பார்த்தவர்களைப் பரமேஸ்வரி வாசலில் மறித்தார். "பயந்து வந்தாலும் வந்திட்டியள். சாப்பிடாமல் ஒருத்தரும் போகேலாது."

எல்லோரும் ஒரே கோலத்தில் நின்றதால் வெட்கப்பட ஆளில்லை. மூட்டைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, பெண்கள் தேங்காய் துருவ உட்கார்ந்தார்கள். ஆட்டை வாழைமரத்துக்கு எட்டாத இடத்தில் கட்டினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என் காதுக்குள் கேட்டார்: "இவ்வளவு பேரும் பொம்பிளையின்ரை சொந்தமோ?"

"ஓம்" என்றேன். மைக் ஓனில் இருந்திருக்கிறது. மண்டபம் முழுக்கக் கேட்டது, ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பாட்டு, பிறகுதான் பேச்சு. அந்தத் தீவில் மட்டும் மாற்றிச் செய்யலாம்.