சிவப்புத் திரையை அமுக்கச் சொன்னவர்

அந்தச் சிவப்புத் திரையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். வலைப்பக்கம் செய்வதை வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தஞ்சோங் காராங்கில் அண்ணன் வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தேன். மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தை, அந்தப் பக்கத்திலேயே திறக்கும் கேமராவில் காட்டினால் உணவுப் பட்டியல் வரவேண்டும். பக்கம் இன்னும் என் மடிக்கணினியில்தான் இருந்தது. பாதுகாப்பான இணைப்பு இல்லாவிட்டால் கைப்பேசி கேமராவைத் திறக்காது. அவசரத்துக்கு, ‘இந்தப் பக்கத்தை நம்பலாம்’ என்று சொல்லும் சான்றிதழை நானே உருவாக்கிப் போட்டேன். யாரென்றே தெரியாத ஆள் கொடுத்ததைக் கைப்பேசி நம்புமா? திறக்கும்போதெல்லாம் திரை முழுக்கச் சிவப்பாகி எச்சரித்தது.

அம்மாவின் கைப்பேசியிலும் சோதித்தேன். அவர் பயந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

“அமுக்குங்க லா அத்தை. கீழ சின்னதா ‘தொடரவும்’னு இருக்கும். ஒங்க மக செய்றது எல்லாம் இப்படித்தான் பயமுறுத்தும், அவள மாதிரியே.”

அம்மா சிரித்தார். பழகியும்கொண்டார்.

ஒரு மத்தியானம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா கேட்டார்: “பேங்க் பாஸ்வர்டு மொத எழுத்து பெருசா, சின்னதா?”

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கணக்கை மூடப்போவதாக ஏதோ குறுஞ்செய்தி. அதிலிருந்த இணைப்பைத் தொட்டிருக்கிறார்.

“செவப்பு வந்துச்சு. மாப்பிள்ள சொன்ன மாதிரி அமுக்கிட்டேன்.”

கைப்பேசியைப் பிடுங்கினேன். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வந்த கணவர் கேட்டது இதுதான்: “ஒண்ணும் போவலதானே? பெறகு என்னா?”

சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்த சத்தம் அண்டை வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு முறையாகச் செய்தேன். சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் மூலச் சான்றிதழ் ஒன்றை மடிக்கணினியில் உருவாக்கினேன். அதை நம்பும்படி என் கைப்பேசியில் மட்டும் பதிந்தேன். சிவப்பு போய்விட்டது.

“அத்தை போன்லயும் போட்டு வுடு லா.”

“மாட்டேன். போட்டா, இந்தக் கம்ப்யூட்டர் ஒப்பம் போட்ட எதையும் அந்த போன் நம்பும். எவனாவது இதத் தூக்கிட்டுப் போயி, பொய்யா ஒரு பேங்க் பக்கம் செஞ்சு ஒப்பம் போட்டா?”

“ஒன் தலைக்குள்ள எந்நேரமும் திருடன்தான்.”

மடிக்கணினியைப் படாரென்று மூடினேன்.

பிறகொரு நாள் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: “நீ செஞ்ச கடைப் பக்கத்தத் தொறந்தேன். செவப்பு வந்துச்சு. மூடிட்டேன்.”

“அது நம்ம பக்கந்தான் அத்தை, அமுக்கலாம்...”

அம்மா கைப்பேசியைக் குப்புற வைத்தார்.

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ள.”