பெயரில் விட்டுப்போன தீவு

எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு லெய்சேல் காத்திருக்கிறாள். பதினோரு பேரும் இரண்டு பன்றிகளும் படகில் ஏறியாயிற்று. மாகாணத்தின் பெயரைச் சொன்னால்தான் கயிற்றை இழுப்பாள். "மலாம்பா" என்கிறார் ஒருவர். கை அசையவில்லை. "முழுசாச் சொல்லுங்க." அவர் வெட்கத்தோடு "மலாம்பாதோ" என்று முனகிய பிறகுதான் எஞ்சின் உறுமுகிறது.

மலேகுலாவின் 'மல', அம்ப்ரிமின் 'அம்', பாமாவின் 'பா' என்று மூன்று தீவுகளின் முதலெழுத்துகளை ஒட்டி மாகாணத்துக்குப் பெயர் வைத்தார்கள். லெய்சேலின் தீவான தோவாரு, மலேகுலாவுக்கும் அம்ப்ரிமுக்கும் நடுவே முப்பத்தெட்டு வீடுகளோடு கிடக்கிறது. அந்தப் பெயரில் அதற்கு ஓர் எழுத்துகூட இல்லை; 'தோ'வை ஒட்டவைத்தது லெய்சேல்தான். "அம்ப்ரிம் மாதிரி எங்ககிட்டயும் எரிமலை இருந்தா சேர்த்திருப்பாங்க. ஊர் மேல சாம்பல் கொட்டுறவனுக்குத்தான் இங்க மரியாதை" என்பாள்.

ஐம்பத்திரண்டு வயது. பூப்போட்ட தொளதொள கவுனை முழங்காலுக்கு மேல் முடிச்சிட்டிருப்பாள். ஒரு காலில் நீலச் செருப்பு, மறுகாலில் பச்சை. வாழையிலையில் சுட்ட கிழங்கு லப்லப்பை ஒரு கையால் தின்றபடியே மறுகையால் பவளப்பாறைகளுக்கிடையே படகை வளைத்துக்கொண்டு போவாள். அப்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

சென்ற வருடப் புயலில் தோவாருவின் தோட்டங்கள் அத்தனையும் உப்புத் தண்ணீரில் அழுகின. மலேகுலா துறையில் ஒரு தொண்டுக் குழு அரிசியும் தார்ப்பாயும் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு லெய்சேல் போனாள். பட்டியலோடு உட்கார்ந்திருந்த எத்துல் என்ற இளைஞன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தோவாரு அம்ப்ரிம் பட்டியலில் இருக்கும் என்றான். அங்கே ஏற்கெனவே போய்வந்தாயிற்று, மலேகுலாவில் கேட்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்றாள். அப்படியானால் தலைநகரத்துக்கு எழுதிக் கேட்கிறேன், இரண்டு வாரம் ஆகும் என்றான். அவள் படகேறினாள்.

மறுநாள் விடிந்ததும் தீவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆளைக் கூப்பிட்டாள். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், புயலில் கை ஒடிந்த பாதிரியார் எல்லாரும் வந்தார்கள். நாற்பது நிமிடக் கடலை மூன்று நடை கடந்து அவர்களைத் துறையில் இறக்கினாள். கடைசி நடையில் எண்ணெய் தீர்ந்து, கரை சேரத் துடுப்புப் போட வேண்டியிருந்தது. திரும்பிப் போக என்ன செய்வது என்று பாதிரியார் கேட்டார்.

"அது நம்ம கவலை இல்ல ஐயா, அவங்க கவலை. உக்காருங்க."

முப்பத்தெட்டு பேரும் துறை நெடுக உட்கார்ந்தார்கள். யாரும் கத்தவில்லை. சரக்குக் கப்பல் ஒன்று கயிறு கட்ட இடமில்லாமல் வெளியே நின்று ஊதிக்கொண்டேயிருந்தது. எத்துல் ஓடிவந்து, எழுந்து வழிவிடும்படி கேட்டுக்கொண்டான்.

"எந்தத் தீவுக்காரங்களை எழுப்புற தம்பி? உன் பட்டியல்ல நாங்க இல்லியே. இல்லாத ஆளுங்க எப்படி எந்திரிப்பாங்க?"

கப்பல் மறுபடியும் ஊதியது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எத்துல் வெயிலிலேயே குந்தினான். தாளின் ஓரத்தில் கோடு கிழித்து, தலைகளை எண்ணி, ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டான். தலைநகரத்தில் கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாக, யாரும் கேட்காமலே சொன்னான். முப்பத்தெட்டு மூட்டை அரிசி, முப்பத்தெட்டு தார்ப்பாய், திரும்பிப் போக ஒரு பீப்பாய் எண்ணெய். படகுக்காரி என்ற முறையில் கையெழுத்துப் போடச் சொல்லி லெய்சேலிடம் தாளை நீட்டினான்.

அவள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. தாளின் மேலே பார்த்தாள். மலேகுலா, அம்ப்ரிம், பாமா என்ற அச்செழுத்துகளுக்குப் பக்கத்தில், புதிதாகக் கிழித்த கோட்டின் தலையில், அவன் கையால் 'மற்றவை' என்று எழுதியிருந்தான். லெய்சேல் தாளைத் தொடையில் விரித்து அந்தச் சொல்லை அடித்தாள். அதன் மேல் 'தோவாரு' என்று, பேனா முனை தாளைக் கிழித்து உள்ளே போகுமளவுக்கு அழுத்தி, பெரிய எழுத்தில் எழுதினாள்.