குடிலுக்கு ஆட்டுக்குட்டி கொடுத்தவர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில், கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் கோவிலின் கிறிஸ்துமஸ் குடிலில் கட்டிவைக்க ஓர் ஆட்டுக்காரர் வருஷந்தோறும் ஆட்டுக்குட்டி கொண்டுவருவார். பேசும்போதெல்லாம் தோளில் கிடக்கும் கம்பளியின் நுனியை முறுக்குவார். ஒரு வருஷம், உள்ளே வந்து குடிலைப் பார்க்கவா என்று கேட்டார். ஆட்டு நாற்றம் என்று சொல்லி, குட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

“குட்டிக்கும் அதே நாத்தந்தானுங்களே,” என்று சிரித்தார். “சரி, அந்தக் கொழந்தசாமி எதுக்குங்க பொறந்தாரு?”

“பாவிங்க எல்லாரையும் தேடி வந்தாரு,” என்றேன் பெருமையாக.

“தேடி வர்றவருங்களா? அப்ப நான் இங்கயே நிக்கறனுங்க.”

உள்ளே போய் மண்டியிட்டேன். குடிலில் மண்பொம்மை இடையர்கள் பாலனுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஜெபம் வாயில் வரவில்லை. பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது ஆட்டுக்காரர் இல்லை.

இயேசு பாலன் வாசலுக்குப் போயிருப்பார். நான்தான் எழுந்து போகவில்லை.