பன்னீர் குடித்த மைக்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், அல்லிநகரத்தில் அக்காள் புருஷனுடைய மைக்செட்டில் வேலை பார்த்தேன். எங்களிடம் ஒரே ஒரு மைக். இப்போது டைனமிக் என்கிறார்கள். எங்களுக்கு அது 'கட்டை'. கீழே விழும், தவிலுக்கு நேரே நிற்கும், ஒன்றும் ஆகாது.

மேகமலை எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பும்போது விற்ற சாமான்களில் மச்சான் ஒரு கண்டென்சர் மைக்கை வாங்கி வந்தார். ஒரே பளபளப்பு. அதற்குக் கரண்டு கொடுக்கத் தனிப் பெட்டி வேறு.

"எறும்பு மூச்சு விட்டாக்கூடக் கேக்கும்லே!"

எறும்பின் மூச்சைக் கேட்க இந்தப் பக்கத்தில் யார் தவம் கிடந்தார்களோ.

சின்னமனூரில் பண்ணையார் வீட்டுக் கல்யாணம் வந்தது. கோயில் திருவிழாவுக்கு யாருடைய மைக்செட் என்று முடிவு செய்பவரும் அவர்தான். கம்பம் ஊர் மைக்செட்காரன் ஒருவன் அதற்கு நடையாய் நடந்துகொண்டிருந்தான். திருவிழா கை நழுவினால் கடையை மூட வேண்டியதுதான்.

"மச்சான், நாயனத்துக்குக் கட்டையே போதும். இது நோஞ்சான், தாங்காது."

"பொலம்பாதலே. பெரியவுக கூப்பிட்டிருக்காக. கட்டையத் தூக்கிட்டா போறது?"

அவருக்குத் தெரியாமல் கட்டையைச் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டேன். வயர் அறுந்துவிடுமோ, ஆடு கடித்துவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். பன்னீர் மட்டும் நினைப்பில் வரவில்லை.

பந்தலில் பண்ணையார் புது மைக்கைச் சுற்றி வந்தார். "தொர வீட்டுச் சாமானாம்ல?" என்று அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர்ச் சொம்பை எடுத்து அதன் தலையில் நாலு உதறு உதறினார். வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாம். மச்சான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நாயனம் தொடங்கியது. ஒலிபெருக்கிக் குழாயில் வடை சுடும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "என்னப்பா, புது மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிருச்சா?"

பந்தலே சிரித்தது. மச்சான் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் சாக்கைப் பிரித்துக் கட்டையை மாட்டினேன். பண்ணையார் அதையும் விடவில்லை, அதற்கும் பன்னீர். குடித்துவிட்டு அது பாட்டுக்கு முழங்கியது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது பண்ணையார் சொன்னார்: "திருவிழாவுக்கும் நீயே வந்துரப்பா. அந்தச் சீக்காளிய மட்டும் வீட்ல படுக்கப் போட்டுட்டு வா."

திரும்பும் வழியெல்லாம் மச்சான் நெஞ்சை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டையும் கொண்டாந்தேன் பாத்தியா? அதுக்குப் பேருதான்லே ரோசனை!"

கொண்டாந்தாராம்.