சாப்பாட்டு விட்ஜெட்

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் கடிகாரம், வெயில், பேட்டரி என்று குட்டிக் கட்டங்கள் இருக்கும் இல்லையா, அவைதான் விட்ஜெட். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் டாஷ்போர்டு. இவற்றைச் செய்வது என் பிழைப்பு. செஞ்சியில் மாடி அறையில் உட்கார்ந்து, கடல் தாண்டிய ஒரு கம்பெனிக்குச் செய்கிறேன். பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை.

ஒரே தொல்லை, அவர்களுக்கு விடியும்போது எங்களுக்குப் பொழுது சாயும். நாங்கள் சமணர்கள், பொழுது இறங்கிவிட்டால் சாப்பிடுவதில்லை. மீட்டிங் இழுத்தால் ராத்திரி முழுக்கப் பட்டினி. நான் கிடந்தால் பரவாயில்லை. என் மனைவி நான் வராமல் தட்டில் கை வைக்க மாட்டாள். அவளுக்கு அல்சர். வெறும் வயிற்றோடு படுத்தால் விடிய விடியப் புரளுவாள். "நீ சாப்புடேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்களுக்கென்று ஒரு விட்ஜெட் செய்தேன். சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டும். நேரம் நெருங்கினால் மஞ்சளாகும், முடிந்தால் சிவக்கும். பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஜன்னல் வழியே எதிரே இருக்கும் கோட்டை மலையைப் பார்த்தாள்.

"அதான் ராஜகிரிக்குப் பின்னாடி பூடுச்சே. இனிமே இன்னா சாப்பாடு?"

"கணக்குப்படி இன்னும் நேரம் இருக்குது."

"அப்போ கணக்கு சாப்புடட்டும். எனக்குக் கண்ணுல தெரியணும்."

அவள் மேல்சித்தாமூர்க்காரி. வயல்வெளியில் கடைசி வெளிச்சம் வரை சூரியனைப் பார்த்து வளர்ந்தவள், மலையடியில் வந்து மாட்டிக்கொண்டாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

மொட்டை மாடியில் ஏறி, மலை எவ்வளவு உயரத்தில் சூரியனை மறைக்கிறது என்று செல்போனை வைத்து அளந்து, கணக்கில் மலையைச் சேர்த்தேன். கொஞ்ச நாள் சரியாக ஓடியது. பருவம் மாறி, சூரியன் உச்சியை விட்டுச் சரிவுப் பக்கம் நகர்ந்ததும் மானம் போயிற்று. உச்சியின் உயரத்தை மட்டும்தான் போட்டிருந்தேன்.

"சூரியன் ஜன்னல்லயே நிக்குது, உங்க பொட்டி அதுக்குள்ள செவந்துடுச்சே!" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மலை விளிம்பு முழுவதையும் மேடு பள்ளத்தோடு வரைந்து சேர்த்த பிறகுதான் ஓய்ந்தேன். அப்புறம் மஞ்சள் வந்தால் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவர்களும் பழகிவிட்டார்கள். அவள் மட்டும் ஜன்னலைத்தான் நம்பினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையும் தெரியவில்லை, சூரியனும் இல்லை. மத்தியானமே இருட்டு. இப்படிப்பட்ட நாட்களில் பொழுது இருக்கிறதா போய்விட்டதா என்ற சந்தேகத்திலேயே சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அன்று கையில் கரண்டியோடு மாடிப்படி ஏறி வந்தாள். ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

"உங்க பொட்டி இன்னா சொல்லுது?"

நேரம் இருந்தது. கீழே போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டோம். ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். ராத்திரி அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.