கொலுவுக்கு வராதீங்கோ

நவராத்திரிக்கு அழைக்க வருகிறவர்கள் கையில் குங்குமச் சிமிழ் இருக்கும், கூடவே பட்டுப்பாவாடையில் ஒரு பெண் குழந்தை வரும். தில்லியில் எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் அதுதான் வழக்கம். அந்த வருஷம் கீழ்வீட்டு மாமி வெறுங்கையோடு, தனியாக வந்தாள். மாடிப்படியில் பாதியிலேயே நின்றுகொண்டாள்.

"எங்காத்துக் கொலுவுக்கு இந்தத் தடவை வராதீங்கோ" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நல்ல நாளும் அதுவுமாக, வராதே என்று சொல்ல ஒருத்தி மெனக்கெட்டுப் படியேறி வருவாளா? "சரி மாமி, வரல" என்று கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்கோ, கேளுங்கோ. என் பொண்ணுக்குக் கக்குவான் இருமலாம். டாக்டர் சொல்லிட்டார். உங்க பொண்ணு கிளாஸ்ல அவ பக்கத்துலதான் உக்கார்றா. உங்காத்துல பச்சைக் குழந்தை இருக்கு. அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளே என் மகள், பிறந்து ஒரு மாதமே ஆன தம்பியின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நானும் எல்லோரையும் போல "மௌசம் மாறுதுல்ல" என்று பருவநிலையைக் காரணம் சொல்லி, இஞ்சிச்சாறும் தேனும் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பாவம் தில்லி மௌசம், யார் போட்ட பழியையும் தாங்கும்.

உடனே டிஸ்பென்சரிக்கு ஓடினோம். பெரிய பிள்ளைகள் இருமித் தேறிவிடுவார்கள், இத்தனை சின்னக் குழந்தைக்கு வந்தால் மூச்சே நின்றுபோகலாம் என்றார் டாக்டரம்மா. தடுப்பூசி போடும் வயதும் அவனுக்கு ஆகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். மகளைப் பள்ளிக்கும் அனுப்பக்கூடாது, தம்பி பக்கமும் விடக்கூடாது. எங்களுக்கு இருந்ததே இரண்டு அறை. அப்பாவும் மகளும் முன்னறை, நானும் அவனும் உள்ளறை என்று பிரிந்தோம். "அம்மா, ஜல்தி கதவைத் திற, தம்பியைப் பாக்கணும்" என்று அந்தப் பக்கம் நின்று அழுவாள். அடுத்த வாரமே அவளுக்கு முகம் சிவக்க, இழுத்து இழுத்து இருமல் வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் குழந்தையின் மார்பில் கை வைத்துப் பார்ப்பேன்.

மாமி அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நன்றி சொன்னவர்கள் குறைவு. "இதையெல்லாம் போய் யாராவது தண்டோரா போடுவாங்களா" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்த நவராத்திரி முழுக்க மாமி வீட்டுச் சுண்டலை மாமி வீட்டார் மட்டுமே தின்று தீர்த்தார்கள்.

இரண்டு வீட்டிலும் இருமல் அடங்கி, டாக்டரம்மாவும் இனிப் பயமில்லை என்ற பிறகு, பையனைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கதவைத் திறந்த மாமி கையை நீட்டவில்லை.

"இவன் இருமலியே?"

"இல்ல மாமி. ஒரு தடவைகூட இல்ல."

"நெஜமா?"

நான் அவனை அவள் கையில் கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தினமும் மாடியில் அவன் அழும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளாம். கேட்காத நாளில் சோறு இறங்கவில்லையாம். என் பிள்ளைக்காக நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க வந்து சொன்னதாலதான் இவன் இருக்கான் மாமி" என்றேன்.

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.